ஜர்னி இன்டு மிஸ்டரி 83: கல் மனிதர்களும் ஓர் ஊன்றுகோலும்

'ஜர்னி இன்டு மிஸ்டரி' என்னும் அமெரிக்கச் சித்திரக்கதை இதழின் 83ஆம் எண் 1962 ஆகஸ்ட் மாதத் தேதியிட்டு வெளிவந்தது. விலை 12 சென்ட். மார்வெல் நிறுவனத்தின் தோர் முதன்முதலாகத் தோன்றியது இதில்தான். கதைக்கரு ஸ்டான் லீ, வசனம் அவருடைய தம்பி லாரி லீபர், பென்சில் ஓவியம் ஜாக் கிர்பி, மைப்பூச்சு ஜோ சின்னாட். இதழில் வேறு சிறுகதைகளும் இருந்தன. தோர் கதைக்குக் கிடைத்தவை 13 பக்கங்கள்.

இன்று இந்த இதழ் சேகரிப்பாளர்களின் அரும்பொருளாகவும், பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்ட திரைப்படங்களின் தொடக்கப் புள்ளியாகவும் பேசப்படுகிறது. அந்தப் 13 பக்கங்களையும் ஒரு கதையாக எடுத்துக்கொண்டு படிப்பவர்கள் குறைவு. அப்படிப் படிக்கும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. நார்ஸ் தொன்மத்திலிருந்து இந்தக் கதை எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்பது ஒன்று. ஊனமுற்ற ஒரு மனிதனைக் கடவுளாக மாற்றும்போது கதை அந்த மனிதனுக்கு என்ன செய்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதழ் தோன்றிய சூழல்

ஜர்னி இன்டு மிஸ்டரி 1952இல் திகில் கதைகளுக்கான இதழாகத் தொடங்கப்பட்டது. 1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தமக்குத் தாமே காமிக்ஸ் தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டனர். அதன்பின் திகில் கதைகளின் வேகம் தணிந்தது. அவற்றின் இடத்தில் வேற்றுக்கிரக வாசிகளும் பூதாகாரமான மிருகங்களும் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு மாதமும் ஒரு பூதம் பூமியை மிரட்டும். ஒரு சாதாரண மனிதன் ஏதோ ஓர் உபாயத்தால் அதை விரட்டுவான். 1950களின் இறுதியில் கிர்பி இத்தகைய பூதங்களை நூற்றுக்கணக்கான பக்கங்களில் வரைந்தார்.

1961 நவம்பர் தேதியிட்ட 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' முதல் இதழின் வெற்றிக்குப் பிறகு, சூப்பர் ஹீரோக்களை மீண்டும் கொண்டுவர நிறுவனம் முடிவு செய்தது. ஆனால் அதன் இதழ்களைக் கடைகளுக்கு அனுப்பிய விநியோக நிறுவனம் மாதத்திற்குச் சில தலைப்புகளுக்கு மேல் ஏற்கவில்லை. எனவே புதிய நாயகர்கள் பழைய இதழ்களிலேயே குடியமர்த்தப்பட்டனர். ஸ்பைடர்மேன் அதே 1962 ஆகஸ்டில் 'அமேசிங் ஃபென்டசி' இதழின் 15ஆம் எண்ணிலும், அயர்ன் மேன் 1963 மார்ச்சில் 'டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்' 39ஆம் எண்ணிலும் வந்தது இதனால்தான்.

இந்தப் பின்னணி தெரிந்தால் 83ஆம் இதழின் அமைப்பு விளங்கும். இது ஒரு பூதக் கதைக்குள் ஒரு கடவுளை நுழைத்த கதை. அட்டைப் படத்தில் தோர் சுத்தியலைச் சுழற்றுகிறான். சுற்றிலும் நிற்பவர்கள் நார்ஸ் தொன்மத்தின் அரக்கர்கள் அல்லர், சனிக் கோளிலிருந்து வந்த கல் மனிதர்கள்.

கதைச் சுருக்கம்

டான் பிளேக் அமெரிக்க மருத்துவன். கால் ஊனமுற்றவன், ஊன்றுகோலுடன் நடப்பவன். விடுமுறைக்காக நார்வே வந்திருக்கிறான். அங்கே ஒரு முதிய மீனவர், விண்கலத்தில் வந்திறங்கிய கல் மனிதர்களைக் கண்டதாக ஊராரிடம் சொல்கிறார். ஊரார் சிரிக்கின்றனர். அதைக் கேட்ட பிளேக் அவர் சொன்ன இடத்திற்குத் தனியாகச் செல்கிறான். அங்கே கல் மனிதர்களைக் காண்கிறான். காலடியில் ஒரு சுள்ளி முறிகிறது. அவர்கள் அவனைத் துரத்துகின்றனர்.

ஓடும்போது ஊன்றுகோல் தவறிவிடுகிறது. ஒரு குகைக்குள் ஒளிகிறான். அங்கே ஒரு மறைவறை திறந்துகொள்கிறது. அதனுள்ளே முறுக்கேறிய பழைய தடி ஒன்று கிடக்கிறது. வெளியேறும் வழியைப் பெரிய பாறை அடைத்திருக்கிறது. தடியை நெம்புகோலாக்கிப் பாறையை அசைக்கப் பார்க்கிறான். முடியவில்லை. விரக்தியில் தடியைப் பாறையின் மீது ஓங்கி அடிக்கிறான். மின்னல் வெட்டுகிறது. தடி சுத்தியலாகிறது, பிளேக் தோர் ஆகிறான். தகுதியுள்ளவன் எவன் இதை ஏந்தினாலும் தோரின் ஆற்றல் அவனுக்கு வாய்க்கும் என்ற பொருளில் சுத்தியலின் மேல் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

பின்னர் பாறையை எளிதாகத் தூக்கி வெளியே வருகிறான். சுத்தியலை எறிந்தால் அது கைக்குத் திரும்புவதையும், 60 விநாடிகள் அதைப் பிரிந்தால் தான் மீண்டும் பிளேக் ஆகிவிடுவதையும் சோதித்து அறிகிறான். கல் மனிதர்கள் தாக்குதலைத் தொடங்குகின்றனர். அவர்களை எதிர்க்கப் போர் விமானங்கள் வருகின்றன. கல் மனிதர்கள் வானில் ஒரு பறக்கும் நாகத்தின் பொய்யுருவைக் காட்டி விமானிகளை மிரட்டுகின்றனர். தோர் களத்தில் இறங்குகிறான். அவனை வீழ்த்த அவர்கள் ஓர் இயந்திர அரக்கனை ஏவுகின்றனர். தோர் அதை நொறுக்குகிறான். பூமியில் எல்லாரும் இவனைப் போன்றவர்களாக இருந்தால் என்ன ஆவது என்று அஞ்சி அவர்கள் ஓடிவிடுகின்றனர். படையினர் வந்து சேரும்போது அங்கே நிற்பவன் ஊன்றுகோல் பிடித்த பிளேக் மட்டுமே.

ஓடின் இல்லை, லோக்கி இல்லை, ஆஸ்கார்டு இல்லை. லோக்கியும் ஆஸ்கார்டும் 85ஆம் இதழில்தான் வந்தன. முதல் கதையில் நார்ஸ் தொன்மத்திலிருந்து வந்தவை ஒரு பெயர், ஒரு சுத்தியல், ஓர் இடி மட்டுமே.

நார்ஸ் மூலங்களில் தோர்

தோரைப் பற்றி நமக்குக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி ஐஸ்லாந்தில் 13ஆம் நூற்றாண்டில் எழுத்தில் பதிந்தவை. ஒன்று, ஸ்னோரி ஸ்டர்லுசன் உரைநடையில் தொகுத்த 'எட்டா'. மற்றொன்று, பெயர் தெரியாத பல புலவர்களின் பாடல்களைக் கொண்ட 'செய்யுள் எட்டா'. இவை எழுதப்பட்டபோது ஐஸ்லாந்து கிறித்தவத்தை ஏற்று இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த நூல்களில் வரும் தோர் எளிதில் சினம் கொள்பவன், பெருந்தீனிக்காரன், சில வேளைகளில் ஏமாளி. மரபு அவனைச் செந்தாடிக்காரனாகச் சொல்கிறது. இரண்டு ஆட்டுக்கடாக்கள் பூட்டிய தேரில் செல்வான். பசித்தால் அவற்றையே கொன்று சமைத்து உண்டு, மறுநாள் சுத்தியலால் உயிர்ப்பிப்பான். சுத்தியல் திருடு போனபோது மணப்பெண் வேடமிட்டு அரக்கர் வீட்டுக்குச் சென்று அதை மீட்டான். தன் வலிமையைக் கையாள அவனுக்கு இரும்புக் கையுறையும் வலிமை தரும் இடைக்கச்சையும் தேவைப்பட்டன.

83ஆம் இதழின் தோர் மழித்த முகமும் பொன்னிறக் கூந்தலும் கொண்டவன். சிறகு வைத்த தலைக்கவசம் அணிந்தவன். அந்தக் கவசத்திற்கு வைக்கிங் கால ஆதாரம் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கற்பனையும் இசைநாடக மேடையும் தந்த உருவம் அது. நகைச்சுவைக்கும் அவனிடம் இடமில்லை.

இவ்வளவு வேறுபாட்டிலும் ஒரு நுணுக்கம் மூலத்தை ஒட்டியே நிற்கிறது. அது சுத்தியல். எறிந்தால் குறி தவறாது, கைக்குத் திரும்பும் என்பது ஸ்னோரியிலேயே உள்ளது. அதன் கைப்பிடி குட்டையாக இருப்பதற்கும் அங்கே கதை உண்டு. குள்ளர்கள் உலைக்களத்தில் அதைச் செய்துகொண்டிருந்தபோது லோக்கி ஈயாக மாறிக் கடித்தான். துருத்தி ஒரு கணம் நின்றது. கைப்பிடி குறைபட்டது. குறையோடு பிறந்த அந்தக் கருவியே தேவர்களின் மிகச் சிறந்த படைக்கலம் என்று தீர்ப்பாயிற்று. கிர்பி வரைந்த சுத்தியலும் குட்டைக் கைப்பிடிதான்.

கல்லரக்கனும் களிமண் மனிதனும்

சனிக் கோளின் கல் மனிதர்களை நார்ஸ் தொன்மத்திற்குத் தொடர்பில்லாத இறக்குமதி என்று ஒதுக்குவது வழக்கம். 1950களின் பூதக் கதைகளிலிருந்து அவர்கள் நேராக நடந்து வந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஸ்னோரி சொல்லும் ஒரு கதையை இதன் அருகே வைத்தால் வியப்பான ஒற்றுமை தெரிகிறது.

ஹ்ருங்னிர் என்னும் அரக்கனுக்குத் தலை கல், கேடயம் கல், இதயமும் முக்கோணமான கடுங்கல். அவன் தோரை ஒற்றைக்கு ஒற்றைப் போருக்கு அழைத்தான். அவனுக்குத் துணையாக அரக்கர்கள் களிமண்ணால் ஒரு மாபெரும் மனிதனைச் செய்தனர். அதற்கேற்ற இதயம் கிடைக்காததால் ஒரு பெண்குதிரையின் இதயத்தைப் பொருத்தினர். தோர் வருவதைக் கண்டதும் அந்தச் செயற்கை மனிதன் அச்சத்தால் சிறுநீர் கழித்தான். அவனைத் தோரின் பணியாளன் தியால்வி வீழ்த்தினான். தோர் எறிந்த சுத்தியலும் ஹ்ருங்னிர் எறிந்த சாணைக்கல்லும் நடுவானில் மோதின. சாணைக்கல் உடைந்தது. சுத்தியல் அரக்கனின் மண்டையைப் பிளந்தது.

கல்லால் ஆன பகைவர், அவர்கள் செய்து ஏவிய உயிரற்ற துணைவன், அவர்களை எதிர்க்கும் சுத்தியல். 83ஆம் இதழின் போர்க்காட்சிக்கும் இதே எலும்புக்கூடுதான். லீயும் கிர்பியும் இந்தக் கதையை மனத்தில் வைத்தே எழுதினர் என்று கூற இது போதாது. பாறையும் சுத்தியலும் எதிரெதிரே வைக்கப்படும்போது இரு கதைகளும் ஒரே வழியில் சென்றிருக்கலாம். ஆனால் ஒப்பிட்டுப் படிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இணை கிடையாது. ஏனெனில் இரண்டும் பிரியும் இடம் மிகத் தெளிவானது.

ஹ்ருங்னிர் வீழ்ந்தபோது அவனுடைய கால் தோரின் கழுத்தின் மேல் விழுந்து அவனை அழுத்திவிட்டது. தேவர் எல்லாரும் கூடியும் அதை நகர்த்த முடியவில்லை. பிறந்து மூன்றே இரவுகளான தோரின் மகன் மாக்னி வந்து தூக்கினான். உடைந்த சாணைக்கல்லின் ஒரு துண்டு தோரின் தலையில் புதைந்தது. குரோவா என்னும் மந்திரக்காரி அதை எடுக்க மந்திரம் ஓதினாள். அவள் கணவனைப் பற்றிய நற்செய்தியைத் தோர் சொன்னான். மகிழ்ச்சியில் அவள் மந்திரத்தை மறந்தாள். கல் தோரின் தலையிலேயே தங்கிவிட்டது.

83ஆம் இதழில் தோருக்கு ஒரு கீறலும் விழுவதில்லை.

காயமும் வலிமையும்

நார்ஸ் தொன்மத்தின் தேவர்கள் உடல் குறைந்தவர்கள். ஓடின் அறிவுக்கு விலையாக ஒரு கண்ணைக் கொடுத்தவன். டியூர், ஃபென்ரிர் என்னும் ஓநாயைக் கட்டுவதற்காக அதன் வாயில் வைத்த வலக்கையை இழந்தவன். ஹோட் பார்வையற்றவன். தோர் தலையில் கல்லைச் சுமப்பவன். ராக்னரோக் என்னும் இறுதிப் போரில் பாம்பைக் கொன்று ஒன்பது அடி நடந்து வீழப்போகிறவன். காயம் அங்கே வலிமைக்கு எதிர்ப்பதமாக நிற்பதில்லை. வலியவனும் காயப்பட்டவனும் ஒரே ஆள்.

83ஆம் இதழ் இந்த ஒரே ஆளை இரண்டாக வெட்டுகிறது. காயம் முழுவதும் பிளேக்கிடம், வலிமை முழுவதும் தோரிடம். பிளேக் ஊன்றுகோல் இல்லாமல் ஓட முடியாதவன், பாறையை அசைக்க முடியாதவன். தோர் பாறையை ஒரு கையால் தூக்கக்கூடியவன். ஒருவன் தோன்றும்போது மற்றவன் மறைந்துவிட வேண்டும். இருவரும் ஒரே கட்டத்தில் நிற்க முடியாது.

இந்த வெட்டு மார்வெலின் கண்டுபிடிப்பு அல்ல. 1941 டிசம்பர் தேதியிட்ட 'விஸ் காமிக்ஸ்' 25ஆம் இதழில் ஃபாசெட் நிறுவனம் 'கேப்டன் மார்வெல் ஜூனியர்' என்னும் பாத்திரத்தை அறிமுகம் செய்தது. கவைக்கோலை ஊன்றி நடந்து செய்தித்தாள் விற்கும் சிறுவன் ஒரு பெயரை உச்சரித்ததும் பறக்கும் வீரனாவான். பிளேக் அவனுடைய வழித்தோன்றல். அமெரிக்கச் சிறுவர்களுக்கு 20 ஆண்டுகளாகப் பழகிய கனவு இது: குறையுள்ள உடல் ஒரு போர்வை, அதை உதறினால் உள்ளே உண்மையான உடல் இருக்கிறது.

இந்தக் கனவை வெறுமனே குற்றம் சொல்லிவிட முடியாது. உடல் ஒத்துழைக்காத ஒரு சிறுவன் 1962இல் இந்தக் கதையைப் படித்து ஒரு தடியைத் தரையில் தட்டிப் பார்த்திருக்கலாம். அந்தக் கணத்தின் மகிழ்ச்சி பொய்யானதன்று. ஆனால் அதே கதை அவனுக்கு மற்றொன்றையும் சொல்கிறது. நாயகனாக வேண்டுமென்றால் நீ நீயாக இருக்கக் கூடாது என்பதே அது. தடியைத் தட்டி எதுவும் நிகழாத மறுகணம் அந்தச் சிறுவனிடம் எஞ்சுவது என்ன என்று கதை யோசிக்கவில்லை.

எனினும் இதழுக்குள்ளேயே இந்த வெட்டைத் தைக்கும் இரண்டு நூல்கள் உள்ளன. முதலாவது 60 விநாடி விதி. விறுவிறுப்புக்காகச் சேர்க்கப்பட்ட உத்தியாகத் தோன்றினாலும், அது தோரின் வலிமையைக் கடன் வாங்கியதாக ஆக்குகிறது. சுத்தியல் கையை விட்டுப் போனால் பிளேக் திரும்பி வருவான். எவ்வளவு பெரிய வீரச்செயலுக்கு அடியிலும் நடக்கச் சிரமப்படும் ஒரு மனிதன் இருக்கிறான் என்பதை ஒவ்வொரு எறிதலும் நினைவூட்டுகிறது. இரண்டாவது நூல் தடியே. சுத்தியலாக மாறுவது ஒரு வாளோ மகுடமோ அன்று, ஊன்றுகோல். பிறர் இரக்கத்தோடு நோக்கும் பொருளே ஆற்றலின் உறைவிடமாக இருக்கிறது. கதையாசிரியர்கள் இதை உணர்ந்து செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும், இதழின் மிகச் சிறந்த படிமம் இதுதான்.

தகுதி என்னும் சொல்

சுத்தியலில் பொறித்திருக்கும் நிபந்தனை தகுதி. நார்ஸ் மூலங்களில் இப்படியொரு நிபந்தனை இல்லை. அங்கே சுத்தியல் தோரின் உடைமை. அதை அரக்கன் திருடவும் முடிந்தது, மண்ணுக்கடியில் புதைத்து வைக்கவும் முடிந்தது. எவன் ஏந்தலாம் என்று அறத்தை வைத்து முடிவு செய்யும் ஆயுதம் ஆர்தர் மன்னனின் கதைமரபுக்கு நெருக்கமானது, நார்ஸ் மரபுக்கு அன்று.

அப்படியானால் பிளேக் எந்த விதத்தில் தகுதியுள்ளவன்? இதழ் இதற்கு விடை சொல்லவில்லை. அவன் யாரையும் காப்பாற்றவில்லை, எதையும் தியாகம் செய்யவில்லை. உயிருக்கு அஞ்சி ஓடினான், ஒளிந்தான், கோபத்தில் பாறையை அடித்தான். மேலோட்டமாகப் பார்த்தால் இது கதையின் ஓட்டை.

சற்று முன்னே சென்று பார்த்தால் ஒரு விடை தென்படுகிறது. முதிய மீனவரின் பேச்சை ஊரே நகைத்தபோது, அதைச் சோதித்துப் பார்க்க நடந்து சென்றவன் அவன் ஒருவன்தான். அதுவும் நடப்பதே பாடாக உள்ளவன். பிறர் ஒதுக்கிய ஒரு முதியவரின் சொல்லுக்கு அவன் செவி கொடுத்தான். கதை இதைத் தகுதி என்று பெயரிடவில்லை. ஆனால் இதழில் பிளேக் பிளேக்காகவே செய்யும் செயல் இது ஒன்றே. துணிவு மின்னலுக்கு முன்பே அவனிடம் இருந்தது. இந்த வரிசையை லீபரின் வசனம் அழுத்திச் சொல்லியிருந்தால் கதையின் தரம் ஒரு படி உயர்ந்திருக்கும். அது சாகசத்தின் அவசரத்தில் விடுபட்டுப்போயிற்று.

கிர்பியின் ஓவியம்

கிர்பிக்கு இந்தத் தொன்மம் புதிதன்று. 1957இல் டி.சி. நிறுவனத்தின் 'டேல்ஸ் ஆஃப் தி அன்எக்ஸ்பெக்டட்' 16ஆம் இதழில் மந்திரச் சுத்தியல் ஒன்றைப் பற்றிய சிறுகதையை வரைந்திருக்கிறார். அதில் மனிதன் கையில் சிக்கிய சுத்தியலைத் தேடித் தோரே வருகிறான். 83ஆம் இதழின் தோரை உருவாக்கியது யார் என்ற பிணக்கில் இந்த முன்கதை ஒரு சான்றாகப் பேசப்படுகிறது. ஹல்க்கைவிட வலிய ஒருவன் வேண்டுமென்றால் அவன் கடவுளாகத்தான் இருக்க முடியும் என்று தாம் எண்ணியதாக லீ பின்னாளில் கூறினார். தொன்மங்களில் நெடுநாள் ஈடுபாடு கொண்டிருந்த கிர்பி, பாத்திரம் தம்முடையது என்றார். கிர்பியின் வாரிசுகள் 2009இல் தொடங்கிய உரிமைப் போராட்டம் 2014 செப்டம்பரில் சமரசத்தில் முடிந்தது.

ஓவியத்தைப் பொறுத்தவரை, பிற்காலக் கிர்பியின் பிரம்மாண்டம் இங்கு இன்னும் வரவில்லை. ஆஸ்கார்டின் கோபுரங்களையும் விண்வெளி இயந்திரங்களையும் அவர் பக்கம் பக்கமாக வரைந்தது இதே தொடரின் பிற்கால இதழ்களில்தான். 83ஆம் இதழில் கட்டங்கள் சிறியவை, ஒழுங்கானவை. சின்னாட்டின் மைக்கோடுகள் வழவழப்பானவை. கல் மனிதர்களின் உடலில் பாறைப் பிளவுகளை அவர் கோடிழுத்த விதம் கல்லின் எடையை உணர்த்துகிறது. தோரின் உடல் இதற்கு எதிர்நிலை. அது இலகுவானது, பறக்கத் தயாரானது.

கிர்பியின் திறமை மிகுதியாகப் புலப்படுவது குகைக் காட்சியில். பிளேக் ஒடுங்கிய வெளியில், கூன் விழுந்த தோளோடு, பாறையை நெம்ப முயல்கிறான். மின்னலுக்குப் பிறகு அதே பாறையைத் தோர் தூக்குகிறான். மனிதனை நசுக்குவதற்காக இருந்த கல், கடவுளின் கையில் எடையற்றதாகிறது. சொற்கள் இல்லாமலே கதை இந்த மாற்றத்தில் விளங்கிவிடும்.

பிற்கால மாற்றங்கள்

85ஆம் இதழுக்குப் பிறகு நார்ஸ் உலகம் மெல்லமெல்ல உள்ளே வந்தது. 1963 அக்டோபரின் 97ஆம் இதழிலிருந்து ஆஸ்கார்டின் கதைகள் தனித் துணைத்தொடராக வந்தன. அவற்றில் எட்டாக்களின் நிகழ்ச்சிகள் பல இடம்பெற்றன. 1966 மார்ச்சில் 126ஆம் எண்ணிலிருந்து இதழின் பெயரே 'தோர்' என்று மாறியது. விருந்தினனாக வந்த கடவுள் வீட்டுக்காரனானான்.

அத்துடன் ஒரு சிக்கல் முளைத்தது. ஓடினும் லோக்கியும் தோரை நெடுங்காலமாக அறிந்தவர்கள் என்றால், 1962இல் தடியைக் கண்டெடுத்த பிளேக் யார்? 1968இல் 158, 159ஆம் இதழ்கள் விடை தந்தன. செருக்குற்ற தோருக்குப் பணிவைக் கற்பிக்க ஓடின் அவனை நினைவிழக்கச் செய்து, ஊனமுற்ற மனிதனாகப் பூமிக்கு அனுப்பினான். பிளேக் என்ற ஒருவன் உண்மையில் இருந்ததே இல்லை.

கதைத் தருக்கத்திற்கு இது நேர்த்தியான விடை. ஆனால் 83ஆம் இதழில் இருந்த கொஞ்சநஞ்ச நியாயத்தையும் இது பறித்துவிட்டது. முதல் கதையில் தகுதி ஒரு மனிதனுக்கு வாய்த்தது. 1968இல் அந்த மனிதனே பொய். ஊனம் இப்போது கடவுள் பாடம் கற்பதற்காகப் பூட்டிய தண்டனை. மீனவரின் பேச்சை நம்பி நடந்தவனின் துணிவுக்கும் உரிமையாளன் மாறிவிட்டான்.

வால்டர் சிமன்சன் 1983 நவம்பரில் 337ஆம் இதழில் இதற்கு ஒருவகையில் கழுவாய் தேடினார். குதிரை முகம் கொண்ட, தோற்றத்தில் அச்சமூட்டும் வேற்றுலகினன் பீட்டா ரே பில் சுத்தியலைத் தூக்குகிறான். சுத்தியலில் பொறித்த சொற்கள் தோருக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை மார்வெல் முழுமையாக ஏற்றது அப்போதுதான். 2014இல் புற்றுநோய் சிகிச்சையில் இருந்த ஜேன் ஃபாஸ்டர் சுத்தியலை ஏந்தினாள். அவள் தோராக மாறும் ஒவ்வொரு முறையும் உடலில் சிகிச்சையின் பயன் அழிந்துவிடும். அங்கே காயமும் வலிமையும் ஒன்றையொன்று மறைப்பதில்லை, ஒன்றுக்கு மற்றொன்று விலை கொடுக்கிறது. பிளேக்கிடம் 1962இல் கேட்காமல் விட்ட கேள்வியை இந்தத் தொடர் 52 ஆண்டுகள் கழித்துக் கேட்டது.

திரைப்படங்களும் இதே ஊசலாட்டத்தைக் காட்டுகின்றன. 2017இல் வந்த 'தோர்: ராக்னரோக்' படத்தில் தோர் ஒரு கண்ணை இழக்கிறான், தந்தை ஓடினைப் போல. எட்டாக்களின் உணர்வுக்கு அத்தொடர் மிக நெருங்கிய இடம் அது. அடுத்த ஆண்டு வந்த படத்திலேயே அவனுக்குப் புதிய கண் பொருத்தப்பட்டது. அதே 2017 படத்தில் நகைச்சுவைப் பாத்திரமாக வரும் கோர்க், 83ஆம் இதழின் கல் மனிதர்களின் இனத்தைச் சேர்ந்தவன். முதல் கதையின் பகைவர்கள் அன்புக்குரியவர்களாகிவிட்டனர்.

மதிப்பீடு

83ஆம் இதழ் நார்ஸ் தொன்மத்திற்கு உண்மையான வழிகாட்டியன்று. அதைத் தேடுபவர்கள் ஸ்னோரியின் எட்டாவுக்கே செல்ல வேண்டும். சித்திரக்கதை என்ற அளவிலும் இது லீ, கிர்பி கூட்டணியின் மிகச் சிறந்த படைப்பு அன்று. பகைவர்கள் தட்டையானவர்கள், அவர்கள் தோற்று ஓடும் காரணமும் வலுவற்றது.

இருந்தும் இது படிக்கத் தக்க இதழ். ஒரு தொன்மம் வேறொரு நாட்டின் கையில் சிக்கும்போது எது நிலைக்கும், எது உதிரும் என்பதை 13 பக்கங்களில் காட்டிவிடுகிறது. சுத்தியல் நிலைத்தது. இடி நிலைத்தது. உதிர்ந்தவை சிரிப்பும் காயமும். சிரிப்பு இல்லாததால் கதை வறண்டது, அவ்வளவே. காயம் இல்லாததன் இழப்பு பெரிது. குறையுள்ள தேவர்களைக் கொண்ட ஒரு மரபிலிருந்து குறையில்லாத ஒருவனை உருவாக்கியதால், குறையெல்லாம் ஒரு மனிதன் தலையில் இறக்கப்பட்டது.

இந்த இதழைப் படிக்கும் மாணவர் இறுதிக் கட்டத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். போர் முடிந்துவிட்டது. படையினர் நாயகனைத் தேடுகின்றனர். அவர்கள் கண்ணெதிரே கோலூன்றிய ஒருவன் நிற்கிறான். அவனை யாரும் பொருட்படுத்தவில்லை. வாசகருக்கு மட்டும் உண்மை தெரியும். அந்தப் படையினரைப் போலவே பிற்கால ஆசிரியர்களும் அவனைத் தாண்டிச் சென்றனர். மீனவரின் சொல்லை நம்பிக் கோலூன்றி மலையேறியவன் அவன்தான். இந்த இதழின் நாயகன் என்ற பெயர் அவனுக்கே உரியது.